ஹார்னி கவுண்டிக்குக் காரில் போகிறீர்களா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பரப்பளவில் பெரிய கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பகுதி, இதுதான். 26,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 7,495 பேர்தான் இருக்கிறார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில். அதனால் பர்ன்ஸிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீர், சாப்பாடு, நல்ல ஸ்டெப்னி டயர் எல்லாம் வேண்டும், போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? பறவைகள்தான் வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். 1908 முதல் காப்பகமாக இருக்கும் மல்ஹூர் சதுப்பு நிலத்திலும், பர்ன்ஸைச் சுற்றி வெள்ளம் நிற்கும் புல்வெளிகளிலும் பனி வாத்துகளும் சாண்ட்ஹில் கொக்குகளும் வந்து இறங்கும், அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ஆனால் அப்போது ஸ்டீன்ஸ் மலைச் சாலை பனியால் மூடியிருக்கும். மலைதான் முக்கியம் என்றால் ஜூலைக்குப் பிறகு போங்கள். உச்சியின் கிழக்கு விளிம்பில் நின்றால் ஏறத்தாழ 1,600 மீட்டர் கீழே ஆல்வோர்ட் பாலைவனம் தெரியும். அந்த வறண்ட ஏரிப்படுகையில் வண்டி ஓட்டலாம், ஆனால் ஈரமாக இருந்தால் இறங்கவே இறங்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும்.

அப்புறம், வழியில் க்ரேன் என்ற சிற்றூர் வரும். தூரத்துப் பண்ணைப் பிள்ளைகள் வாரநாட்களில் தங்கிப் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. பண்ணை வேலிகளின் கேட்டைத் திறந்து போனால், இருந்தபடியே மூடிவிட்டுப் போங்கள்.