இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு: புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும்

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, குரோய்டன் போன்ற இடங்களில் தாம் முதலில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோன தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டை ஏஜென்சியிடம் ஒப்படைத்தாயிற்று, இனி எல்லாம் அவர்கள் பாடு என்று இருந்துவிட முடியாது. அலாரங்களுக்குச் சட்டம் பொறுப்பாக்குவது வீட்டுக்காரரைத்தான். இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் விதிகள் வேறு. அங்கே புகை அலாரங்கள் ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் புகை அலாரம். 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, மக்கள் புழங்கும் அறை ஒன்றேனும் உள்ள ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு புகை அலாரம் இருக்க வேண்டும். குளியலறையும் கழிவறையும்கூட இந்தக் கணக்கில் சேரும். படுக்கையறையில் உறங்குபவரை எழுப்புவதற்கும் படிவழியே ஏறும் புகையை முதலில் பிடிப்பதற்கும் ஏற்ற இடம் நடைக்கூடத்தின் கூரையும் மாடிப்படி முடியும் இடத்தின் கூரையுமே. மின்இணைப்பு உள்ள அலாரம்தான் வேண்டும் என்று இங்கிலாந்து விதி வற்புறுத்தவில்லை என்றாலும், பேட்டரியால் இயங்குவதை வாங்குவதானால், பேட்டரியைக் கழற்ற முடியாதபடி உள்ளேயே அடைத்துச் செய்யப்பட்ட வகையை வாங்குவது நல்லது.

கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கான விதி 2022 அக்டோபர் 1 அன்று விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் விறகு, நிலக்கரி போன்ற திட எரிபொருள் அடுப்பு உள்ள அறைக்கு மட்டுமே அது கட்டாயமாக இருந்தது. இப்போது எரிவாயு பாய்லர், எண்ணெய் பாய்லர், கணப்பு என எரிபொருளை எரிக்கும் நிலையான சாதனம் எது இருந்தாலும் அந்த அறையில் அலாரம் வேண்டும். சமையல் எரிவாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆயினும் சமையலறையிலும் ஒன்றை வைத்துவிடுமாறே சொல்வேன். எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று அது காட்டும் அறிகுறிகளைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி, கதவு சன்னல்களை இன்னும் இறுக மூடிப் படுப்பவர்களுக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும். சாதனத்திலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, சுவரில் தலையளவு உயரத்தில் அலாரத்தைப் பொருத்த வேண்டும்.

அலாரம் எச்சரிக்க மட்டுமே செய்யும். பாய்லரைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமை தனியே உண்டு. 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, கேஸ் சேஃப் (எரிவாயுப் பொறியாளர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அதன் சான்றிதழை ஏற்கெனவே குடியிருப்பவருக்கு 28 நாட்களுக்குள்ளும், புதிதாக வருபவருக்கு அவர் குடியேறும் முன்பும் கொடுத்துவிட வேண்டும்.

பலர் தவறவிடுவது குடியேறும் நாளில் செய்ய வேண்டிய சோதனையை. புதிய வாடகை ஒப்பந்தம் தொடங்கும் அதே நாளில், வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ ஒவ்வொரு அலாரமும் வேலை செய்கிறதா என்று பார்த்தாக வேண்டும். முந்தின வாரம் பார்த்தேன் என்பது போதாது. குடிவருபவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்திக் காட்டி, எந்த அறையில், எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி குடியிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அலாரம் வேலை செய்யவில்லை என்று அவர் தெரிவித்து, அது உண்மை என்று கண்டால், இயன்றவரை விரைவில் பழுதுபார்ப்பதோ மாற்றுவதோ உங்கள் கடமை.

நம்மவர் வீடுகளில் தாளிக்கும் புகைக்கு அலாரம் அலறுவதும், அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டப்படுவதும் நடக்கக்கூடியவை. குடியிருப்பவரைக் கடிந்துகொள்வதைவிட, அலாரத்தைச் சமையலறை வாசலிலிருந்து தள்ளிப் பொருத்தி, சமையலறைக்குள் புகைக்கு அல்லாமல் வெப்பத்துக்கு ஒலிக்கும் வெப்ப அலாரம் ஒன்றை வைப்பதே நிலைக்கும் தீர்வு. வெப்ப அலாரம் கூடுதலாக வைப்பதுதான், சட்டம் கேட்கும் புகை அலாரத்துக்கு அது ஈடாகாது. மூடிய அறையில் கரி நெருப்பில் சாம்பிராணி போட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

அலார விதி மீறப்பட்டதாக உள்ளாட்சி மன்றமான கவுன்சில் கருதினால் திருத்த அறிவிப்பு அனுப்பும். 28 நாட்களுக்குள் செய்யாவிட்டால் கவுன்சிலே ஆளனுப்பி அலாரம் பொருத்தலாம். 5,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம்.

உங்கள் சொந்தக் குடியிருப்பிலேயே ஒருவருக்கு அறை கொடுத்திருந்தால் 2015ஆம் ஆண்டு விதிகள் பொருந்தா. மாறாக, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். உரிம நிபந்தனைகள் இன்னும் கடுமையாக இருக்கலாம். அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர் நுழைகதவில் தீக்கதவுக்குரிய தானியங்கி மூடுகருவி இருக்கிறதா, கதவு தானே முழுதும் மூடிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைப் பலிகொண்ட, லண்டன் அடுக்குமாடிக் கட்டடமான கிரென்ஃபெல் டவரின் தீ பற்றிய விசாரணை இந்தக் கருவிகளைக் குறிப்பாக எடுத்துப் பேசியது.

மின்கம்பி அமைப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். மெத்தை வைத்த சோபா கொடுத்தால் தீத்தடுப்பு விதிக்குரிய அட்டை அதில் இருக்க வேண்டும்.

சாவியைக் கொடுக்கும்போது எரிவாயு அவசர எண் 0800 111 999 என்பதைத் தமிழிலேயே எழுதி, மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தால் சாதனங்களை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகே அழைக்க வேண்டும் என்றும், பொறியாளர் சோதிக்கும்வரை அவற்றை மீண்டும் இயக்கக் கூடாது என்றும் அதன் கீழே எழுதுங்கள்.