பாவித்த ஐபோன் வாங்கப் போறீங்களா? காசு குடுக்க முன் இதைப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் பாவித்த ஐபோன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவர்களுக்கும், கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரர் விட்டுப்போன போனை யாரோ விற்கிறார் என்று கேள்விப்பட்டவர்களுக்கும்தான் இது.

முதலில் விலை. அப்பிள் வரி கட்டாத கொம்பனி என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கிறது, அதில் உண்மையும் உண்டு: பழைய வரியாக 1,300 கோடி யூரோவை அப்பிளிடம் அறவிடச் சொல்லி 2016இல் ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்துக்கு உத்தரவிட்டது, அது இழுபட்டு 2024 செப்டெம்பரில்தான் ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிந்தது. கோபப்படலாம். ஆனால் அதனால் இங்கே போன் ஒரு ரூபாயும் இறங்காது. இங்கே வரி கட்டுறது நீங்கள்; 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். ஆகவே ஒரு கடையில் பில்லோடு ஒரு விலையும் பக்கத்துக் கடையில் பில் இல்லாமல் நல்லாய்க் குறைந்த விலையும் சொன்னால், இரண்டாவது ஆள் தர்மம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம், எது கழிந்ததால் விலை குறைந்தது என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு போனைக் கையில் வாங்கி *#06# அடியுங்கள். அந்தப் போனின் அடையாள எண்ணாக 15 இலக்க எண் வரும். உங்கள் போனில் ஐஎம்இஐ (IMEI) என்ற நாலு ஆங்கில எழுத்தையும் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். வெளிநாட்டில் இருந்து பையில் வந்த போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது ஐகிளவுட், அதாவது போனைப் பழைய சொந்தக்காரரோடு பிணைத்து வைத்திருக்கும் அப்பிள் கணக்கு. விற்கிறவர் உங்கள் கண் முன்னாலேயே தன் கணக்கில் இருந்து வெளியேற வேண்டும். "பாஸ்வேர்ட் லண்டனில இருக்கிற அண்ணாவுக்குத்தான் தெரியும், பிறகு கேட்டுத் தாறன்" என்றால் போனைத் திருப்பிக் குடுத்துவிடுங்கள். அண்ணா லண்டனில் இருந்தபடியே தன் கணக்கில் இருந்து அதை நீக்கலாம், நீக்கின பிறகு வாங்கலாம். இன்னொருவர் கணக்கில் பூட்டுப்பட்ட ஐபோன் கண்ணாடித் துண்டுக்குச் சமம், திருத்துற கடைக்காரர் என்ன வாக்குக் குடுத்தாலும் சரி.

அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14, அதற்குப் பிறகு வந்தவை என்றால் சிம் போடும் தட்டே இருக்காது, போனுக்குள்ளேயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். தட்டு இருக்கிற போனில் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் விசயத்தில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் விளம்பரம் அதிகம் ஏமாற்றுவது இதில்தான். கிணற்றடியில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்கிறவர் சொல்லுவார். இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் அப்பிளுக்கு 1 கோடி யூரோ தண்டம் போட்டதே இதற்காகத்தான்: விளம்பரத்தில் சொன்ன தாக்குப்பிடிப்பு ஆய்வுகூடத்தில், அசையாத சுத்தமான தண்ணீரில் மட்டும்தான் உண்மை என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, அதோடு தண்ணீர் பட்டுப் பழுதானால் உத்தரவாதத்தில் எடுப்பதும் இல்லை. முல்லைத்தீவுக் கடல் தண்ணீர் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. ஒருமுறை திறந்து திருத்தின போனில் பழைய இறுக்கத்தையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே சிம் தட்டை வெளியே இழுத்து, இன்னொரு போனின் ரோர்ச்சை அந்த ஓட்டைக்குள் அடித்துச் சரித்துப் பாருங்கள். உள்ளே சின்னதாய் ஒரு ஒட்டு தெரியும். வெள்ளையாய் இருந்தால் நல்லது. சிவப்பாய் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்கமாட்டேன்.

பிறகு செற்றிங்ஸில் பற்றரி ஹெல்த், அதாவது புதிதாய் இருந்ததோடு பார்த்தால் பற்றரி இப்போது எத்தனை வீதம் தாங்கும் என்ற எண். பழைய பற்றரி உள்ள போன்களை மெதுவாக்கியதை அப்பிள் 2017 டிசெம்பரில் ஒத்துக்கொண்டது, பாவனையாளர்கள் வழக்குப் போட்டார்கள், அந்தச் சண்டைக்குப் பிறகுதான் 2018இல் இந்த எண்ணை நாங்கள் பார்க்க முடிந்தது. 80 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். நாலு வருடப் போனில் 100 வீதம் காட்டினால் சந்தோசப்படாமல் எபவுட் பகுதிக்குப் போங்கள், பற்றரியோ திரையோ மாற்றியிருந்தால் புது மொடல்களில் அங்கே எழுதியிருக்கும், அசல் பாகம் இல்லை என்றால் அதுவும் தெரியும்.

ஐபோன் 12 வந்ததில் இருந்து பெட்டிக்குள் சாஜர் வைப்பதில்லை, ஆகவே "பெட்டியோட எல்லாம் இருக்கு" என்று சொன்னாலும் சாஜர் எங்கே என்று கேளுங்கள். கனடாச் சாஜர் தந்தால் பயமில்லை, அப்பிள் தந்த அசல் என்றால் எங்கள் 230 வோல்ற்றுக்கும் தாங்கும், பிளக்கின் கால்தான் பொருந்தாது, அதற்கு அடப்டர் ஒன்று வாங்கினால் சரி.