லினக்ஸ்ல எந்த ஃபைல் எங்க இருக்கும்னு கண்டுபிடிக்கிறது எப்படி

விண்டோஸ்ல இருந்து உபுண்டுக்கு (லினக்ஸ்ல ஒரு வகை) வந்தவங்க முதல்ல தேடுறது சி டிரைவ், அது இங்க கிடையாது, எல்லாமே ஒரே ரூட்ல (வேர் ஃபோல்டர்) இருந்து கிளை பிரியுது, அதோட அடையாளம் வெறும் ஒரு ஸ்லாஷ் தான். டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) எல்எஸ் (ls) அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு என்டர் தட்டுங்க, மேல இருக்கற ஃபோல்டர் எல்லாம் வந்துரும்.

உங்க படம், பாட்டு, டாக்குமென்ட் எல்லாம் ஹோம்ல உங்க யூசர் பேர்ல இருக்கும். பென்டிரைவ் செருகினா மீடியாவுக்குள்ள பாருங்க.

சிஸ்டம் செட்டிங்ஸ் எல்லாம் ஈடிசி (etc) ஃபோல்டர்ல. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் தான், ஆனா கை வைக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா ஒரு காப்பி எடுத்து வைங்க, குறிப்பா எந்த டிஸ்க்க எங்க இணைக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப்னு (fstab) ஒரு ஃபைல் இருக்கு, அதுல ஒரு வரி தப்பானா கூட சிஸ்டம் பூட் ஆகாம பாதில நின்னுடலாம்.

டிஸ்க் திடீர்னு நிரம்பிருச்சா? முதல் சந்தேகம் வார் (var) ஃபோல்டர் மேல தான் வரணும், சிஸ்டம் எழுதி வைக்கற பதிவு, அதாவது லாக் எல்லாம் அங்க தான் சேருது, சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஆப்ட் டவுன்லோட் பண்ண பேக்கேஜும் அங்க தான், டெர்மினல்ல சூடோ ஆப்ட் கிளீன் (sudo apt clean) குடுத்தா அந்த பேக்கேஜ் எல்லாம் போயிரும். ப்ராக் (proc) ஃபோல்டர மட்டும் விட்டுருங்க, அது டிஸ்க்லயே இல்ல, சிஸ்டத்தோட மையமான கெர்னல் அப்பப்ப உருவாக்கி காட்டுறது, அத அழிச்சு இடம் மிச்சம் பண்ண முடியாது.