1746: ஒரு கோட்டையின் வீழ்ச்சியை இரு நூல்களில் படிப்பது எப்படி?

பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்களைப் பற்றிப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் பொது வரலாற்று நூல் ஒன்றில் தொடங்கி, நவாபுகளின் பெயர்க் குழப்பத்திலேயே அதை மூடி வைத்துவிடுகின்றனர். அதைவிட, 1746 செப்டம்பரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமான ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதை இரு தரப்பு நூல்களிலும் அடுத்தடுத்துப் படிப்பது பயன் தரும்.

முதலில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக) விளங்கிய பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் 12 தொகுதிகளாக உள்ளன. எனவே 1746ஆம் ஆண்டுப் பகுதி போதும். அன்றைய பேச்சுத் தமிழில் அமைந்த நடை என்பதால் முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் பல வேளைகளில் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்து, 1750களில் ஆங்கிலேயரின் சென்னை ஆட்சிக்குழுவில் இருந்த ராபர்ட் ஓர்ம் எழுதி, 1763இல் முதல் தொகுதி வெளிவந்த போர் வரலாற்றைப் படியுங்கள். இங்கே தேதிகளில் கவனம் தேவை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியதால், அவர்களுக்குச் செப்டம்பர் 10 அன்று சரணடைந்த கோட்டை, பிரெஞ்சுக்காரர் கணக்கில் 21 அன்று வீழ்ந்தது. இந்த 11 நாள் வேறுபாட்டை மறந்தால், ஒரே நிகழ்ச்சி இரண்டாகத் தோன்றும்.

படிக்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்திருங்கள்: 11 லட்சம் வராகன் (பொற்காசு) மீட்புத்தொகைக்குக் கோட்டையைத் திருப்பித் தர, அதைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே ஒப்புக்கொண்டிருக்க, துய்ப்ளே அதை ஏற்க மறுத்தது ஏன்? பிள்ளையின் எழுத்தில் துய்ப்ளே மீதான புகழ்ச்சியும், அவர் மனைவி மீதான கசப்பும் கலந்தே இருக்கும் என்பதால், பிள்ளை கூறும் காரணங்களை அப்படியே ஏற்க வேண்டாம். மாறாக, வணிகராக அவர் குறித்துவைக்கும் சரக்கு, கப்பல் வரவு, கடன் பாக்கி ஆகிய செய்திகளை நான் பெரிதும் நம்புவேன். எந்தத் தரப்பு நூலானாலும், தோற்ற படையின் எண்ணிக்கையைச் சொல்லும்போது சற்று ஐயத்துடன் படிப்பதே நல்லது.

இது பழகியபின், ஆங்கிலேயர் 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்ட பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே பிள்ளை முற்றுகைக்குள் சிக்கிய நகரத்திலிருந்து எழுதுகிறார்.