பனிமலையில் காலடிச் சத்தத்தைக் கவனியுங்கள்
மதுரையிலிருந்து மணாலி பக்கம் பனிமலை ஏறப் போகிறவர்களுக்கு ஒன்று. அழகர்மலை ஏறிய கால்தானே என்று, புதுப்பனி கொட்டிய மறுநாளே கிளம்பிவிடாதீர்கள். பனி கொட்டிய கையோடுதான் பனிச்சரிவு ஆபத்து அதிகம், ஒன்றிரண்டு நாளாவது பொறுங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கிறது. வீடு கட்டக் கொட்டிய மணல்மேட்டின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அதுதான். கெட்டியான மேல்பனிக்கு அடியில் சீனி மாதிரி ஒட்டாத பனி இருக்கலாம். கையில் அள்ளினால் பொலபொலவென உதிரும். அதன்மேல் பிடிப்பில்லாமல்தான் மேல்பனி மொத்தமாகச் சரியும். கால் வைத்ததும் 'வும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ அந்தச் சரிவு வேண்டவே வேண்டாம். அதற்குக் கீழேயும் நிற்காதீர்கள். அப்புறம், கிளம்பும் முன் சண்டிகரிலுள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.