காசு கட்டாமல் ஆன்லைன் போக்கர் பழகுவது எப்படி?

ரம்மி ஆடும் வீட்டில் வளர்ந்தவன் நான். பொங்கல் விடுமுறையில் கூடத்தில் பாய் விரித்து, பதின்மூன்று சீட்டு பிரித்து, கை சரியில்லை என்றால் எடுத்த எடுப்பில் ஸ்கூட் விட்டு 20 பாயிண்டோடு தப்பிப்பது வரை எல்லாம் பழக்கம். அந்தத் தைரியத்தில், போக்கரும் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. எந்தக் கை எதை வெல்லும் என்பது ஒரே மாலையில் மனப்பாடம் ஆகிவிட்டது. கணக்குதான் வரவில்லை. ஆடிய கைகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் தவறு எங்கே என்று பிடிபட்டது. அந்த இடத்தை நிதானமாக விளக்கத்தான் இந்தப் பதிவு. மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

நான் சொல்வது டெக்சாஸ் ஹோல்டெம் பற்றி மட்டும். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு (முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்), நான்கு சுற்று பெட், அதாவது பந்தயம். இந்த அளவுக்கான விதிகள் எந்த வீடியோவைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் பணத்தைப் பற்றி

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று நம் ஊரில் பல வருடம் வழக்கு நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டும் திறமை சார்ந்தவை என்று சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டையே பார்ப்பதில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. பணம் கட்டாமல் ஆடும் ஆட்டத்துக்கு இந்தத் தடை இல்லை.

அதனால் டெலிகிராமில் யாராவது “வெளிநாட்டு ஆப், பயமே இல்லை, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க” என்றால் தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் போன பணத்தை எங்கே போய்க் கேட்பீர்கள்?

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், சின்னக் கட்டணம் கட்டி ஆன்லைன் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து, அதன் வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். எல்லோரும் இந்தக் கதையில்தான் மயங்குகிறார்கள். அந்தப் போட்டியில் மொத்தம் 839 பேர் ஆடினார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜை போடுவது

நான் பரிந்துரைப்பது போக்கர் நவ் என்ற தளம். பிரௌசரிலேயே ஓடும், ஆப் இறக்க வேண்டியதில்லை. ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கி, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். மற்றவர்கள் பெயர் கொடுத்து இடம் கேட்பார்கள். தொடங்கியவர் அனுமதிக்க வேண்டும். இலவச சிப்ஸ் (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள்) தரும் பெரிய ஆப்களும் இருக்கின்றன. எனக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒன்பது பேர், நஷ்டம் எதுவும் இல்லாததால் கைக்குக் கை ஆல் இன் (இருக்கும் சிப்ஸ் மொத்தத்தையும்) போடுவார்கள். அங்கே எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தெரிந்தவர்களோடு ஆடினாலும் அதே சிக்கல் வரும். நாங்கள் கண்டுபிடித்த தீர்வு இது: ஆளுக்கு 2000 சிப்ஸ், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 10, 20. சிப்ஸ் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி வாங்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதி வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. எட்டு மணிக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு வெளியே போய், மற்றவர்கள் சிரித்துப் பேசுவதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. சிப்ஸுக்கு மதிப்பு வந்துவிடுகிறது.

எந்தக் கையோடு உள்ளே போவது

ரம்மிக்காரர்களுக்கு இது எளிது. ஃபோல்ட் என்பது ஸ்கூட்தான்; இன்னும் சொன்னால் ரம்மி ஸ்கூட்டைவிட மலிவு. பிளைண்டில் உட்காராதவருக்குச் சீட்டைப் போட ஒரு சிப் கூடச் செலவில்லை. ஆறு பேர் மேஜையில் நான் நான்கு கைக்கு மூன்றை ஃப்ளாப்புக்கு முன்பே போட்டுவிடுகிறேன். ஜோடி, பத்துக்கு மேல் இரண்டு பெரிய சீட்டு, ஒரே பூவில் (ஆர்ட்டின், ஸ்பேட் போன்ற ஒரே வகையில்) ஏஸோடு இன்னொன்று. தொடக்கத்துக்கு இவை போதும். உள்ளே போவதென்றால் ரெய்ஸ் செய்து (பெட்டை உயர்த்தி) போங்கள், பெரிய பிளைண்டைப் போல இரண்டரை அல்லது மூன்று மடங்கு. சும்மா 20 போட்டு எட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

“ரெண்டும் ஆர்ட்டின், அதான் வந்தேன்” என்று எங்கள் குழுவில் அடிக்கடி கேட்கும். கையில் ஒரே பூவில் இரண்டு சீட்டு இருந்தால், ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) விழும் வாய்ப்பு ஒரு சதவீதம் கூட இல்லை, 0.84தான். நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கும் நிலை வருவது சுமார் 11 சதவீதம். பத்துக்கு ஒன்பது முறை ஒன்றுமே நடக்காது.

டீலர் பட்டன் (கைக்குக் கை இடம் மாறும் டீலர் அடையாளம்) உங்களிடம் இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுபவர் நீங்கள்தான். எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது பெரிய வசதி.

நான் இடறிய இடம்: பாட் கணக்கு

எதிராளி பெட் போடுகிறார். கால் செய்யலாமா, அதாவது அதே அளவு போட்டுத் தொடரலாமா? இதற்கு இரண்டு எண் வேண்டும். எனக்குத் தேவையான வாய்ப்பு எத்தனை சதவீதம், என்னிடம் இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம். இருப்பது தேவையைவிட அதிகமானால் கால், குறைந்தால் ஃபோல்ட். கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டு எண்ணிலும் ஆளுக்கொரு தவறு செய்தோம்.

முதல் எண்ணில் தவறியது என் தங்கை. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸில், 200 இருக்கிறது, எதிராளி 200 போடுகிறார், இப்போது நடுவில் 400. அவள் 200 போட வேண்டும். “நானூறுல இருநூறு, பாதி. அப்போ எனக்கு 50 சதவீதம் வேணும்ல அண்ணா?” என்றாள். இல்லை. அவள் போடப்போகும் 200ம் பாட்டில்தான் சேரும். மொத்தம் 600. 600இல் 200 என்றால் 33 சதவீதம். தன் பணத்தைச் சேர்க்க மறந்ததால் பல வாரம் தேவையில்லாமல் ஃபோல்ட் செய்துகொண்டிருந்தாள்.

இதை ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் வந்தால் தேவை 20 சதவீதம். பாதி வந்தால் 25. முழுப் பாட் வந்தால் 33. பாட்டைப் போல இரண்டு மடங்கு வந்தால் 40. இந்த நான்கு எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாவது எண்ணில் தவறியது நான். என் நோட்டில் உள்ள கையை அப்படியே தருகிறேன்.

என் கையில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 4, ஸ்பேட் 2. நான்கு ஆர்ட்டின் ஆகிவிட்டது, இன்னொன்று விழுந்தால் ஃப்ளஷ். கட்டில் 13 ஆர்ட்டின், நான் பார்த்தது 4, மீதி 9. இந்த ஒன்பதைத்தான் அவுட்ஸ் என்கிறார்கள். ஒரு சுருக்குவழி உண்டு: இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டுமென்றால் அவுட்ஸை 4ஆல் பெருக்கு, ஒரு சீட்டு மட்டும் என்றால் 2ஆல் பெருக்கு. ஒன்பதை நான்கால் பெருக்கினால் 36. சரியான விடை 35, நெருங்கிய கணக்குதான்.

பாட் 200. என் மைத்துனர் 200 போட்டார். தேவை 33, என்னிடம் 36. கணக்கு சரி என்று கால் செய்தேன். டர்னில் கிளாவர் 6, ஒன்றுமில்லை. பாட் இப்போது 600. அவர் 600 போட்டார். மறுபடியும் தேவை 33. ஆனால் வரவேண்டியது ஒரே சீட்டு. பார்க்காத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. ஃபோல்ட் செய்தேன். 200 சிப்ஸ் போனது. கணக்குப் போட்டுத்தானே ஆடினேன், ஏன் தோற்றேன் என்று புரியவில்லை. இதே மாதிரி நோட்டில் பதினோரு கைகள் இருந்தன.

விஷயம் இதுதான். 36 என்பது டர்ன், ரிவர் இரண்டையும் பார்ப்பவனுக்கான எண். ஃப்ளாப்பில் நான் கொடுத்த 200 எனக்கு ஒரு சீட்டைத்தான் காட்டியது. அடுத்த சீட்டுக்குத் தனியாக 600 கேட்டார்கள். ஒரு சீட்டுக்கான விலையைக் கொடுத்துவிட்டு இரண்டு சீட்டுக்கான வாய்ப்பை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையில் அந்த 200ஐப் போடும்போது என்னிடம் இருந்தது 47இல் 9, அதாவது 19 சதவீதம். தேவை 33. நல்ல ஃபோல்ட் அது, முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆகவே 4ஆல் பெருக்குவதை ஒரே சூழ்நிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் யாராவது ஆல் இன் போட்டு, அதற்கு மேல் பெட்டே வராது என்ற நிலையில் மட்டும். அப்போது ஒரே விலையில் இரண்டு சீட்டும் பார்க்கிறீர்கள். மற்ற நேரமெல்லாம் 2ஆல் பெருக்குங்கள்.

மைத்துனர் அன்றைக்கு 200க்குப் பதில் 60 போட்டிருந்தால்? நடுவில் 260, என் 60 சேர்த்தால் 320. தேவை 18.75 சதவீதம். என்னிடம் 19. தாராளமாகக் கால் செய்யலாம். அதே கை, அதே ஃப்ளாப், விலை மட்டும் வேறு. இது புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஃப்ளஷ் விழுந்த பிறகு எதிராளி இன்னும் கொஞ்சம் கொடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் ஓரிரு சதவீதம் குறைந்தாலும் கால் செய்யலாம். 19க்கும் 33க்கும் உள்ள தூரத்தை அந்த நம்பிக்கையால் கடப்பது கடினம்.

கருவிகள்

கோடு போட்ட 80 பக்க நோட்டு, ஒரு பேனா, ஒரு உண்மையான சீட்டுக்கட்டு. எதிராளியின் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டும் மென்பொருள், சிறந்த ஆட்டத்தைக் கணித்துத் தரும் சால்வர் எல்லாம் பிறகு. 2019இல் ப்ளூரிபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு, ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. கணினியால் என்ன முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 600இல் 200 எவ்வளவு என்று கை தானாகச் சொல்லாத வரை, சால்வர் காட்டும் வண்ணக் கட்டங்கள் உங்களுக்கு எதையும் கற்றுத் தராது.

தினம் இருபது நிமிடம் கட்டைக் கலைத்து, இரண்டு சீட்டு எடுத்து, மூன்றை விரித்து, அவுட்ஸ் எண்ணுங்கள். ஸ்ட்ரெய்ட்டுக்கு (தொடர் வரிசையில் ஐந்து சீட்டு) இரண்டு பக்கமும் திறந்திருந்தால் 8, நடுவில் ஒன்று மட்டும் வேண்டுமென்றால் 4. ஒரு வாரத்தில் எண்ணாமலே தெரியும்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு ஆடத் தொடங்கிய சிலர் கேட்ட மூன்று விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

ஒருவரிடம் 300 மட்டும் இருந்து ஆல் இன் போட்டு, மற்ற இருவரும் ஆயிரம் ஆயிரம் போட்டால் என்ன ஆகும்? முதல் பாட்டில் மூவரின் 300, ஆக 900. மீதி 700, 700 சேர்ந்து 1400க்கு ஒரு தனிப் பாட். 300 போட்டவர் எவ்வளவு பெரிய கை வைத்திருந்தாலும் 900தான் ஜெயிக்க முடியும். தளம் தானாகப் பிரித்துவிடும்; சிப்ஸ் குறைவாக வந்ததே என்று பதற வேண்டாம்.

“என்னிடம் ஏஸ், 5. அவரிடம் ஏஸ், 3. எப்படிச் சமம் ஆனது?” நடுவில் ஏஸ், கிங், குயின், 9, 6 இருந்திருக்கிறது. கையென்பது சிறந்த ஐந்து சீட்டு மட்டுமே. இருவருக்கும் ஏஸ் ஜோடி, கிங், குயின், 9. ஐந்து முடிந்துவிட்டது. 5க்கும் 3க்கும் அங்கே இடமே இல்லை. இதே 5 இடத்தில் ஜாக் இருந்திருந்தால் கேட்டவர் ஜெயித்திருப்பார்.

மூன்றாவது, இரண்டே பேர் ஆடும்போது பட்டன் வைத்திருப்பவர் ஏன் பிளைண்ட் போட வேண்டும் என்பது. இருவர் ஆட்டத்தில் பட்டன்தான் சின்ன பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், அதன் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியில் பேசுவார். நாங்களும் ஒரு மழை நாளில், மற்ற நான்கு பேருக்கும் கரண்ட் போய்விட, நானும் தங்கையும் மட்டும் ஆடியபோது தளம் தவறு செய்கிறது என்றே நினைத்து ஆட்டத்தை இரண்டு முறை மூடித் திறந்தோம்.