ரைடு வாங்குவதற்கு முன் லாக்கர் கவுண்டரைப் பாருங்கள்

நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றில் பதினோரு வருடம் டியூட்டி மேனேஜராக இருந்தேன். இப்போது புதிதாகப் பூங்கா, ரிசார்ட் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வந்தவங்க மறுபடி வரணும், என்ன ரைடு போடலாம்?" ரைடை அப்புறம் பார்க்கலாம். முதலில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உங்கள் லாக்கர் கவுண்டர் பக்கம் போய் நில்லுங்கள்.

எங்களிடம் லாக்கருக்கு 100 ரூபாய் டெபாசிட். அலைக்குளத்தை மூட விசில் ஊதினால், டெபாசிட்டைத் திரும்ப வாங்க மொத்தக் கூட்டமும் கவுண்டரின் ஒரே ஜன்னலுக்கு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளில் தூங்கிப்போன பெண் குழந்தையோடு ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று ஜன்னலை எட்டினார். உள்ளே இருந்த பையன், "நூறு ரூபா தாள் தீந்துபோச்சு சார், நானூறு குடுத்தா ஐநூறா தர்றேன்" என்றான். அவர் ஈரத்துண்டோடு நிற்கிறார், பர்ஸ் மனைவியிடம். அதே குழந்தை மத்தியானம் ரெயின் டான்ஸில் போட்ட ஆட்டத்தை நானே பார்த்திருந்தேன். ஆனால் அந்தக் குடும்பம் வீட்டுக்குக் கொண்டுபோனது ஆட்டத்தை அல்ல, அந்த ஜன்னலைத்தான்.

இதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு முறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே மேலும் 30 விநாடி. அந்தக் கடைசி 30-இல் மட்டும் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மனசு மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் பிடித்துவைத்துக்கொள்கிறது.

அதனால் முடிவைச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடாதீர்கள். நாங்கள் குழந்தைகள் குளத்தை நாலரைக்கே மூடி, அங்கே வேலை பார்த்த ஆட்களைக் கவுண்டருக்கு அனுப்பினோம். டெபாசிட் வாங்கும்போதே அந்த நூறு ரூபாயைச் சாவி எண் எழுதிய கவரில் போட்டு வைத்தால் சில்லறைச் சண்டையே இல்லை. உடை மாற்றி நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சின்ன பேப்பர் கப்பில் சுக்குக் காபி, இலவசமாக. முதலாளியைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சரி, உச்சம்? அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. சென்னை வி.ஜி.பி. பூங்காவுக்குச் சின்ன வயதில் போனவர்களைக் கேளுங்கள். அசையாமல், சிரிக்காமல் நிற்கும் அந்தச் சிலை மனிதரைத்தான் சொல்வார்கள். அவரைச் சிரிக்க வைக்க மூஞ்சியைக் கோணியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளிடம் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். பார்ப்பவர்களே அதில் பங்கெடுத்ததுதான் அதன் பலம். உங்கள் இடத்திலும் அப்படி ஒன்றைத் தேடுங்கள்.

க்யூ விஷயம் எளிது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்புதான் நீளமாகத் தோன்றும். போர்டில் 40 நிமிடம் என்று எழுதி 30-இல் ஏற்றிவிடுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டெபிலைசரால் வீடுவீடாகத் தெரிந்த வி-கார்டு நிறுவனரின் பூங்கா 2000-இல் கொச்சியில் திறந்தபோது அதன் பெயர் வீகாலேண்ட்; வொண்டர்லா என்பது பிறகு வந்தது. இப்படிக் கடைப் பெயரை நினைவூட்டும் பெயரை வாசலில் வைத்தால், நல்ல பெயரும் கெட்ட பெயரும் கடையிலிருந்து பூங்காவுக்கும் பூங்காவிலிருந்து கடைக்கும் பாயும். ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கும் முதலாளிகளே, யோசித்து வையுங்கள்.

வாசலில் ஃபீட்பேக் படிவம் நீட்டாதீர்கள். ஈரக்கையோடு எல்லாவற்றுக்கும் "குட்" என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். மூன்று வாரம் கழித்து இருபது பேருக்குப் போன் போடுங்கள். "என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். நாங்கள் கேட்டபோது பெரிய சறுக்கைவிடச் சுக்குக் காபியைச் சொன்னவர்கள் அதிகம். சறுக்குக்குக் கடன் வாங்கியிருந்த முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.